இப்போ தின்னாது

இளவரசி கடலில் தத்தளிக்கிறாள். அலறும் விலாங்கு வாயைப் பிளந்துகொண்டு வருகிறது.

சட்டெனக் கதை நிற்கிறது. "இப்போ அவளை அது தின்னாது" என்கிறார் கதை வாசிக்கும் தாத்தா, பேரனின் முகத்தைப் பார்த்து.

1987-ல் வந்த 'தி பிரின்சஸ் பிரைட்' படம். இன்று மறுபடி பார்த்தபோது கவனித்தது இந்த வெட்டைத்தான். கொஞ்சம் முந்தினால் பயமே வராது. பிந்தினால் குட்டிகள் கண்ணை மூடிவிடும்.

படத்தில் இரண்டு பேர் போடும் வாள்சண்டையும் அப்படித்தான். குட்டிக்கரணம் தவிர கிட்டத்தட்ட எல்லாம் நடிகர்களே பழகிச் செய்தது. இருவரும் இடக்கையில் தொடங்கி வலக்கைக்கு மாறுவார்கள்.

சண்டை நிஜமாக இருப்பதால்தான் நடுநடுவே வரும் மரியாதைப் பேச்சுக்குச் சிரிப்பு வருகிறது. சண்டையும் கேலி, பேச்சும் கேலி என்றால் (பல படங்கள் சறுக்குவது இங்கேதான்) பெரியவர்கள் போனை எடுத்துவிடுவார்கள்.