மெழுகுவத்தி எடுத்துட்டுப் போ

2023 மே மாதக் கடைசியில் ப்ரமோஷன் ஆர்டர் வந்தது. பிரித்துப் பார்த்தால் கொல்கத்தா. வங்கியில் ஸ்கேல் ஏறினால் மாநிலம் தாண்டித் தூக்கிப் போடுவார்கள் என்று தெரியும். ஹைதராபாத், மிஞ்சிப்போனால் நாக்பூர் என்று மனசைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். கொல்கத்தாவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பத்து நாளில் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்காரருக்கு மதுரையில் வேலை, பையன் பத்தாம் வகுப்பு. ஆக, நான் மட்டும்.

உடனே எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்கத்தா என்றால் பெரியப்பாதான். 1979 முதல் 84 வரை அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. போனில் அரை மணி நேரம் பேசினார். "முதல்ல மெழுகுவத்தி எடுத்துட்டுப் போ. சாயங்காலம் ஆனா கரன்ட் இருக்காது. அப்புறம் ஹௌரால இறங்கினதும் போர்ட்டர் கிட்ட முன்னாடியே பேசி முடிச்சுக்கோ. ஸ்ட்ரைக்னு சொன்னாங்கன்னா வாசப்படி தாண்டாத." அம்மா அன்றைக்கே இரண்டு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கிப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே சொருகிவிட்டாள்.

அடுத்தது, அங்கே ஆறு மாதம் இருந்துவிட்டு மாற்றல் வாங்கி ஓடிவந்த ஒரு சக ஊழியர். சுத்த சைவம். அவர் சொன்ன கொல்கத்தா முழுக்கக் கடுகெண்ணெய் வாடையும் மீன் செதிலுமாக இருந்தது. தோழியின் அண்ணன் துர்கா பூஜா சமயத்தில் நான்கு நாள் சுற்றுலா போய்வந்தவர். அவருடைய கொல்கத்தாவில் வெறும் விளக்கும் ரசகுல்லாவும்தான். மூன்று பேர் சொன்னதும் மூன்று ஊர். மூன்றிலும் எனக்கு வீடு தேட வழியில்லை.

சென்னை சென்ட்ரலில் ஹௌரா மெயில் ஏறினேன். ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். என் பெட்டியில் பாதிப் பேர் கையில் பெரிய எக்ஸ்ரே கவர். எதிர் சீட்டு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வெல்லூர்?" என்றார். இல்லை, விருதுநகர் என்றேன். அந்தப் பெயர் அவரிடம் எடுபடவில்லை. தமிழ்நாடு என்றால் வேலூர், வேலூர் என்றால் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. பிற்பாடு கொல்கத்தாவில் நான் யாரிடம் என்ன கேட்டாலும், பதில் சொல்லும் முன் அவர்கள் என்னிடம் கேட்டது இதைத்தான். வங்காளத்தில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் வேலூருக்குப் போய்வந்த வீடு ஒன்று இருக்கும் போல. நானோ ரயிலில் காட்பாடியைத் தாண்டியிருக்கிறேனே தவிர, வேலூரில் காலே வைத்ததில்லை.

கிளை டல்ஹௌசி பக்கம். மெட்ரோவுக்குப் பக்கத்தில் வீடு பார், தெற்கே பார் என்று ஆபீஸில் சொன்னார்கள். நாட்டின் முதல் மெட்ரோ ஓடிய ஊர். 1984 அக்டோபரில் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரைக்கும் விட்டார்கள். பெரியப்பா அதே வருஷம்தான் ஊர் திரும்பினார், அதில் ஏறினாரா என்று கேட்க மறந்துபோனேன். தரகர் ஒருவர் பவானிபூர் சந்து ஒன்றில் தரைத்தளத்து வீட்டைக் காட்டினார். சிவப்பு ஆக்சைடு தரை, உயரமான கூரை, பச்சை மரச்சட்டம் வைத்த ஜன்னல். எனக்குப் பிடித்துவிட்டது. "மழைத் தண்ணி நிக்குமா?" என்று ஹிந்தியில் கேட்டேன். சின்ன வயதில் ராஷ்டிரபாஷா வரைக்கும் எழுதிய ஹிந்தி. "நிக்கவே நிக்காது மேடம்." "குழாய்த் தண்ணி?" "எப்பவும் வரும்." "மெட்ரோ?" "காச்சேய்." பக்கம்தான் என்று அர்த்தம். இந்தக் காச்சேய்க்கு ஐந்து நிமிடமும் உண்டு, முக்கால் மணி நேரமும் உண்டு.

முன்பணம் கொடுக்க மறுநாள் தனியாகப் போனேன். பத்து நிமிடம் முன்னாடியே போய்விட்டதால் சந்து முனையில் இஸ்திரி போடுபவரிடம் நின்றேன். பீகார்க்காரர், அதனால் என் ஹிந்திக்கு அங்கே பயமில்லை. வெயிலுக்கு அவருடைய தார்ப்பாய் நிழலில் ஒதுங்கியபோதுதான் கவனித்தேன். மேஜையின் நான்கு கால்களுக்கு அடியிலும் மூன்று மூன்று செங்கல். மேஜை உயரமாகிவிட்டதால் அவரும் ஒரு பலகை மேல் நின்றுகொண்டு தேய்த்துக்கொண்டிருந்தார். செங்கல்லுக்கு மேலே மரக்காலில் அரையடிக்குக் கருத்து ஊறிப்போன கறை.

"இது எதுக்கு பையா?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். குனிந்து இரண்டாவது செங்கல்லைத் தொட்டு, "இது போன வருஷம்" என்றார். அப்புறம் மரத்துக் கறையில் விரலை வைத்து, "இது அதுக்கு முந்தி ஒரு தடவை." நான் பார்த்த வீட்டைக் கையால் காட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டு வாசற்படியைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாசற்படி இரண்டாவது செங்கல் உயரத்துக்குக் கூட இல்லை.

"கல்லில் எப்போ தண்ணி வரும்னு கேட்டீங்களா?" என்றார் அடுத்து. செங்கல்லைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் குழம்பினேன். இங்கே குழாய்க்குக் கல் என்று பெயர். டைம் கல் என்றால் நேரம் வைத்துத் தண்ணீர் விடும் தெருக்குழாய். காலையில், மதியம், சாயங்காலம் என்று வரும், போகும். அந்த வீட்டில் மேலே தொட்டியே கிடையாதாம். தரையடித் தொட்டியிலிருந்து மோட்டார் போட்டால்தான் உண்டு, அந்த மோட்டாரும் வீட்டுக்காரர் கையில். தரகரிடம் நான் கேட்டதும் இதே இரண்டு கேள்விதான். அவருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். இவருக்கு நான் ஒரு சேலை கூடத் தேய்க்கக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து "ஏரியா எப்படி?" என்று யாரிடமும் கேட்பதை விட்டேன். அப்படிக் கேட்டால் எல்லாரும் "பாலோ" என்பார்கள், நல்லது என்று. உங்கள் வீட்டில் வாளி எத்தனை மணிக்கு நிரம்பும், ராத்திரி ஒன்பதுக்கு ஆட்டோ இருக்குமா, மதியம் மருந்துக்கடை திறந்திருக்குமா என்று கேட்பேன். கடைசிக் கேள்வியைச் சும்மாதான் கேட்டேன், ஆனால் அதில்தான் உருப்படியான விஷயம் கிடைத்தது: குடியிருப்புத் தெருக்களில் நிறையக் கடைகள் மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு சாயங்காலம்தான் திறக்கும். ஆட்டோவும் நம் ஊர் மாதிரி இல்லை. குறிப்பிட்ட ரூட்டில் மட்டும் ஓடும், பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர். சில்லறை இல்லையென்றால் உங்களை மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். குச்ரோ, குச்ரோ! நான் ஒழுங்காகக் கற்ற முதல் வங்காளச் சொல் அதுதான்.

லேக் மார்க்கெட் பக்கம் பார் என்று சொன்னது அங்கே காப்பிப்பொடி அரைத்துக் கொடுக்கும் கடையில் ஒரு பாட்டி. கறிவேப்பிலை, வாழை இலை, மல்லிகைப்பூ என்று தென்னிந்தியச் சாமான் எல்லாம் கிடைக்கிற இடம். பாட்டி சொன்ன முகவரி 27/2சி மாதிரி ஒன்று. இந்த ஊரில் 27ஆம் நம்பர் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்படக்கூடாது. 27/1, 27/1ஏ, 27/2 எல்லாம் சந்துக்குள் சந்தாகப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு பழைய வீட்டுத் திண்ணையில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் திண்ணைக்கு ரொக் என்று பெயர். சீட்டை நீட்டி, "தாதா, இது எங்கே?" என்றேன். ஒருவர் நேரே போ என்றார். இன்னொருவர், இல்லை, இடது பக்கம் திரும்பினால் சீக்கிரம் என்றார். மூன்றாமவருக்கு இடது பக்கச் சந்தில் பள்ளம் தோண்டிப் போட்டிருப்பது ஞாபகம் வந்தது. அதை எப்போதோ மூடிவிட்டார்கள் என்றார் முதல் ஆள். பள்ளத்தைப் பற்றி ஐந்து நிமிடம் போனது. நான்காவது ஆள் அதிலெல்லாம் கலந்துகொள்ளாமல் என்னிடம், "மெட்ராஸா?" என்றார். ஆமாம் என்றதும் எழுந்து உள்ளே போய் ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுவந்தார்.

வேலூர்தான். மனைவிக்கு வைத்தியம், நான்கு தடவை போய்வந்துவிட்டார், மறுபடியும் போகிறார். எந்த லாட்ஜில் தங்கலாம் என்று கேட்பார், யாரிடமாவது விசாரித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவருக்கோ என்னைவிட நூறு மடங்கு வேலூர் தெரிந்திருந்தது. காட்பாடியில் இறங்க வேண்டும் என்பதும், எந்த மெஸ்ஸில் வங்காளி மீன் குழம்பு கிடைக்கும் என்பதும் அவர்தான் எனக்குச் சொன்னார். வேண்டியது வேறு. நோட்டில் வங்காள எழுத்தில் தமிழ்ச் சொற்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். எவ்வளவு. தண்ணி. மெதுவா. அப்புறம், "பலிக்குது."

என்ன பலிக்குது?

வயிற்றைத் தொட்டுக் காட்டினார். வலிக்குது! வ அவர்கள் வாயில் ப ஆகிவிடுகிறது. நர்ஸிடம் நான்கு தடவையும் மனைவிக்கு வயிறு பலிக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் உதட்டைக் காட்டி வ, வ என்றேன். அவர் ப, ப என்றார். பள்ளத்தை விட்டுவிட்டு மற்ற மூவரும் முயன்றார்கள். நால்வருக்கும் வரவில்லை. பேசாமல் "நோவுது" என்று எழுதிக்கொடுத்தேன். அதிலும் வ இருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவரே என்னை 27/2சிக்குக் கூட்டிப்போனார். இரண்டாம் மாடி, மேலே தொட்டி உண்டு, வீட்டுக்கார அம்மாள் அவருக்குச் சொந்தம். "மீன் சாப்பிடுவாயா?" என்பதுதான் அந்தம்மாள் கேட்ட ஒரே கேள்வி. சாப்பிடுவேன் என்றதும் முகம் தெளிந்தது. பதினோரு மாத அக்ரிமென்ட்.

அங்கே போய் நானாகத் தெரிந்துகொண்டதும் உண்டு. டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். முதல் வாரம் ஆபீஸிலிருந்து ஏதோ தப்பு செய்தவள் மாதிரி ஓடிவந்தேன். வாழைப்பூவும் வாழைத்தண்டும் நம்மைவிட அதிகம் சாப்பிடுகிறார்கள், மோச்சா, தோட் என்று. முருங்கைக்காய் குளிர் முடிந்து வரும், அதற்கு முன்பே பூவைப் பறித்து வதக்கிவிடுவார்கள். முருங்கைப்பூவை இப்படிக் கூறுகட்டி விற்று நான் விருதுநகரில் பார்த்ததில்லை. கடுகெண்ணெய் வாடை ஒரு மாதத்தில் மறந்துபோயிற்று. கரன்ட் ஒரு நாளும் மணிக்கணக்கில் போகவில்லை. மெழுகுவத்தி இரண்டு பாக்கெட்டும் பெட்டியிலேயே கிடந்து, காளி பூஜை ராத்திரி வெளியே வந்தன. தெருவே மொட்டைமாடிச் சுவர்களில் ஏற்றிவைத்திருந்தபோது எங்கள் மாடியில் எரிந்தது விருதுநகர் மெழுகுவத்தி.

போன வாரம் சேலத்திலிருந்து ஒரு போன். ஆபீசர் பையன், புதுசாகக் கல்யாணமானவன், கொல்கத்தா ஆர்டர் வந்திருக்கிறதாம். யாரோ என் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். "ஊர் எப்படி மேடம்?" என்றான். "பாலோ" என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, தரைத்தளத்தில் வீடு பார்த்தால் தெருமுனை இஸ்திரி மேஜையின் காலைப் பார் என்றேன். அவன் குறித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தொட்டி, மோட்டார், சில்லறை எல்லாம் சொன்னேன். ம், ம் என்றான். கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"கரன்ட் ரொம்பப் போகுமாமே மேடம்? மாமனார் மெழுகுவத்தி எடுத்துட்டுப் போகச் சொன்னார்."

உங்கள் மாமனார் அங்கே எப்போது இருந்தார் என்று கேட்டேன்.

82ல் என்றான்.