ரிவன் தீவுகளில் நானும் அம்மாவும்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். கறுப்புக் கண்ணாடி, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து, இன்னும் சில நாளைக்கு டிவி பக்கமே திரும்பக் கூடாது. சொட்டு விடுவதற்காக லீவு போட்டுவிட்டு பாளையங்கோட்டை வீட்டில் இருக்கிறேன். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில்தான் ரிவனை மறுபடி தொடங்கினேன்.

1997இல் வெளிவந்த கம்ப்யூட்டர் கேம், சையன் நிறுவனம் உருவாக்கியது, மிஸ்ட் என்ற கேமின் தொடர்ச்சி. ஐந்து சிடிகளில் வந்தது. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் சிடியை மாற்ற வேண்டும். ஹாஸ்டலில் நான்கு பேர் சேர்ந்து ஆடி, பாதியில் விட்டுவிட்டோம். 2024இல் இதைப் புதிதாகச் செய்தபோது சில புதிர்களை மாற்றிவிட்டார்கள். நான் விட்ட இடம் பழையதில் இருப்பதால் பழையதையே எடுத்தேன். விடை எதையும் தேடிப் பார்ப்பதில்லை என்று முடிவு. பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில்.

இதில் சண்டை கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. காற்று, தண்ணீர், பூச்சிச் சத்தம். எப்போதாவது ராபின் மில்லரின் இசை மெல்ல எழுந்து அடங்கும். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ஊருக்குள் நாம் மட்டும் நடக்கிறோம். அங்கே எல்லாமே யாரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காகச் செய்து வைத்தது.

ஒரு குகைப் பாதையில் இரட்டைக் கதவு. திறந்துகொண்டு போனால் நேர் வழி, அதோடு சரி. இரண்டு நாள் அங்கேயே சுற்றினேன். மூன்றாம் நாள் சும்மா திரும்பி நின்று கதவைச் சாத்தினேன். கதவுகள் திறந்து கிடந்தபோது அவற்றின் பின்னால் மறைந்திருந்த இரண்டு வழிகள், இரு பக்கமும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுகளைக்கூட வேறு மாதிரி பார்க்கிறேன்.

எண்களை நாமே கற்க வேண்டும். தீவுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு பொம்மை இருக்கிறது. கயிற்றில் தொங்கும் ஒரு சிறு உருவம், கீழே அதை விழுங்கக் காத்திருக்கும் வார்க் என்ற கடல்மிருகம். இயக்கினால் ஒரு குறி தெரியும். அந்த எண்ணிக்கைக்கு உருவம் கடகடவென்று கீழே இறங்கும். பிள்ளைகளுக்கு எண்ணைச் சொல்லிக் கொடுக்கும்போதே பயத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான் அந்த ஊரை ஆளும் கென். நிற்கும் கோடு என்றால் எண் ஒன்று. அதே கோட்டைப் படுக்க வைத்தால் ஐந்து. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஆறு, நம் கூட்டல் குறி மாதிரி. பொம்மை பத்து வரைதான் காட்டும். மேலே நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். நமக்குப் பத்து மாதிரி, 25ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கு அது. பத்துக்கு மேல் எண்ணை நானே எழுதிப் பார்த்தபோது கை லேசாக நடுங்கியது.

அப்புறம் மரக்கண்கள். அங்கங்கே பதித்து வைத்த உருண்டைகள். தொட்டால் சுழன்று ஒரு சத்தம் வரும், பின்பக்கம் ஒரு எண் இருக்கும். எண்ணை வாசித்துவிட்டேன், சத்தம் பிடிபடவில்லை. நாலைந்து தடவை திரும்பத் திரும்பச் சுழற்றியிருப்பேன். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, முந்தாநாளு கடல் சத்தத்தோட ஒண்ணு கத்துச்சே, அதுதானல இது?"

"எதும்மா?"

"நீ மெல்லப் போவணும், மெல்லப் போவணும்னு தனியா பேசிட்டிருந்தியே, அன்னைக்கு."

சன்னர். கடற்கரைப் பாறைமேல் வெயில் காயும் நீண்ட கழுத்து விலங்குகள். வேகமாகக் கிட்டே போனால் தண்ணீருக்குள் இறங்கிவிடும். நான் அவற்றைப் பார்த்ததோடு சரி, அம்மாதான் கேட்டிருக்கிறாள். நோட்டில் எண்ணுக்கு எதிரே சன்னர் என்று எழுதினேன்.

இப்போது வண்ணக் கோலிப் புதிரில் நிற்கிறேன். 25க்கு 25, மொத்தம் 625 குழிகள். ஐந்து தீவுகளின் குவிமாடங்களும் அதில் எங்கே வரும், எது என்ன நிறம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறு நிறக் கோலிகள் இருக்கின்றன. நிறத்தைக் காட்டும் விளக்குகளில் ஒன்று எரியவில்லை.

வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். திரை பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால் கோலிகள் அப்படியே கிடக்கட்டும், முதலில் அம்மாவை அந்தக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். மெல்லத்தான்.