மெஸ்ஸியர் மாரத்தான்: நாட்குறிப்பு

2024 மார்ச் 3

கிழக்கில் அந்தப் புளியமரம் இன்னும் நிற்கிறதா? மெஸ்ஸியர் என்ற வானியலாளர் போட்ட பட்டியலில் உள்ள வான்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே இரவில் தொலைநோக்கியில் பார்த்து முடிப்பதுதான் இந்த மாரத்தான். அதில் 30-ஆவது, எம் 30, அந்த மரத்தின் பின்னால்தான் உதிக்கும்.

மார்ச் 5

அக்காவுக்கு இன்னும் வலி எடுக்கவில்லை. போனைக் கையிலேயே வைத்திரு என்கிறாள் அம்மா. மலைமேல் டவர் எப்படி இருக்கும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 6

எதற்குப் பின் எதைப் பார்ப்பது என்று வரிசை எழுதி முடித்தேன். மொத்தம் 110. கிடைக்கிற வரிசைகள் எல்லாம் வடக்கே இருப்பவர்கள் போட்டவை, நம்முடைய 12 டிகிரி அட்சரேகைக்கு ஒத்துவராது. எம் 52-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், பாரிஸில் இருந்த மெஸ்ஸியருக்கு அது மறைவதே கிடையாது. ஜவ்வாது மலையில் எட்டு மணிக்கெல்லாம் போய்விடும், ஏழரைக்குத்தான் இருட்டவே செய்யும். பதிலுக்கு நமக்குத் தெற்கு இருக்கிறது. அவர் தொடுவானத்தை ஒட்டிப் பார்த்த எம் 7 இங்கே பாதி வானம் ஏறி வரும்.

எம் 30 மட்டும் எந்த வரிசையிலும் கடைசி. ஐந்து மணிக்கு உதிக்கும், ஐந்தே காலுக்கு வானம் வெளுக்கத் தொடங்கும். மார்ச் கடைசிக்குத் தள்ளினால் அது சுலபம், ஆனால் மாலையில் எம் 74 கைவிட்டுப் போகும்.

மார்ச் 8, சிவராத்திரி

"சாமிக்கு முழிக்க மாட்ட, நட்சத்திரத்துக்கு முழிப்பியா?" என்றாள் அம்மா. முதல் கால பூஜை வரை இருந்துவிட்டு வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை என்பதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

மார்ச் 9, மாலை

ஆலங்காயம் வழியாக ஏறினோம். காவலூர் வானியல் ஆய்வகத்துக்குச் சற்றுத் தள்ளி, சாமை அறுத்த நிலம். தானாகத் தேடும் மோட்டார் கூடாது, கையால்தான் பிடிக்க வேண்டும், பார்த்த நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று ஸார் மறுபடியும் விதி சொன்னார். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமல் இருக்கப் போனுக்குச் சிவப்புத் தாள் இரண்டு மடிப்பு ஒட்டியாயிற்று. டவர் ஒரு கோடு.

புளியமரம் இருக்கிறது. போன வருஷத்தைவிடப் பெரிதாக.

இரவு 8.10

எம் 52 போச்சு. மலையில் சருகு எரிகிற புகை வடமேற்கை மூடிவிட்டது. 77, 74, 33, 31, 32, 110 எல்லாம் வரிசையாகக் கிடைத்தன. ஆந்த்ரோமெடா பக்கம் பான்ஸ்-புரூக்ஸ் வால்மீனும் தெரிந்தது, சுமார் 71 வருஷத்துக்கு ஒருமுறை வருவது. "அது கணக்குல வராது, அடுத்ததுக்குப் போ" என்றார் ஸார். வால்மீன் தேடுகிறவன் அதைப் போலவே மங்கலாகத் தெரியும் இவற்றைப் பார்த்து ஏமாறக் கூடாது என்றுதான் மெஸ்ஸியர் பட்டியலே போட்டார். நாங்கள் நிஜ வால்மீனை விட்டுவிட்டுப் பட்டியலின் பின்னால் ஓடுகிறோம். கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்று பார்த்தேன்.

11.50

கன்னி ராசி. உத்திரம் நட்சத்திரத்திலிருந்து கிழக்கே நகர்த்திக்கொண்டே போனால் ஐபீஸில், அதாவது கண் வைக்கும் லென்ஸில், மங்கல் மேல் மங்கலாக விண்மீன் மண்டலங்கள், எது எது என்று படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் கழுத்து விட்டுப்போகிறது. 84, 86 இரண்டும் ஒன்றாகவே தெரியும், அங்கிருந்துதான் 87. 2019-இல் படமாக வெளியான அந்தக் கருந்துளை இதற்குள்தான் இருக்கிறது, ஒளி கிளம்பி ஐந்து கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் கொடுத்தது அரை நிமிஷம். டிக் போட்டு நகர்ந்தேன். இது பார்ப்பதா, வருகைப்பதிவு எடுப்பதா?

டவர் இல்லை.

2.30

தெற்கில் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, வெறும் கண்ணுக்கே. பாரிஸில் அது உதிக்காது, அதனால் பட்டியலில் இல்லை. இன்று இரவின் அழகான பொருளுக்கு மதிப்பெண் பூஜ்யம். பனியில் தாள் ஊறிப் பென்சில் ஓட மாட்டேன் என்கிறது.

5.05

மரம். நானும் தம்பியும் டாப்சோனியன் தொலைநோக்கியைத் தனித்தனியாகக் கழற்றி வரப்புக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

5.35

41 மகரம் என்ற நட்சத்திரம் தெரிந்தது. எம் 30 அதை ஒட்டித்தான் இருக்க வேண்டும். "பார்த்தியா?" என்றார் ஸார். "நட்சத்திரம் தெரியுது ஸார்" என்றேன்.

மார்ச் 10

தூக்கம். போனில் ஒன்றும் இல்லை.

மார்ச் 12

ஓரக்கண்ணால் பார்த்தபோது 41-க்குப் பக்கத்தில் ஏதோ புகைந்தது போல இருந்தது. இருக்க வேண்டிய இடம் தெரிந்ததால் இருந்ததா, இருந்ததால் தெரிந்ததா? தம்பி தாராளமாக டிக் போடச் சொல்கிறான். ஸார் தாளை இன்றைக்கே அனுப்பச் சொல்கிறார். மற்றதெல்லாம் சுத்தமாக இருக்கிறது, எம் 40, எம் 73 கூட, முதலாவது வெறும் இரண்டு நட்சத்திரம், அடுத்தது நாலு, அவற்றைப் போய் எப்படித்தான் பட்டியலில்

அம்மா கூப்பிடுகிறாள். அக்காவை அட்மிட் செய்துவிட்டார்களாம். ஆட்டோ வந்துவிட்டது.