நம்பாலக்கோட்டை முதல் பேப்பூர் வரை: வேட்டைக்கொருமகன் வழி

நீலகிரிக் கூடலூரை அடுத்த நம்பாலக்கோட்டையில் குடியிருக்கும் சாமி வேட்டைக்கொருமகன். அர்ச்சுனனுக்குப் பாசுபதம் கொடுக்க வேடனும் வேடச்சியுமாய் வந்த சிவன் பார்வதிக்குப் பிறந்த பிள்ளை. பிள்ளையின் துடுக்கைத் தாங்காமல் தேவர்கள் முறையிட, விஷ்ணு கிழவனாய் வந்து பொன் சுரிகை (குறுவாள்) ஒன்றைக் காட்டி ஆசைமூட்டினாராம். "கீழே வைக்கவே கூடாது" என்ற நிபந்தனையோடுதான் அதைக் கொடுத்தார். வலக்கையில் சுரிகை இருக்கும்வரை அம்பு தொடுக்க முடியாதே!

ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழி இறங்குவது நல்லது. முதுமலை வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் பாட்டில்தான் சரி. மழைக்காலத்தில் அட்டை ஏறும். கணுக்காலில் உப்பைத் தடவினால் சற்று விலகும், ஆனால் ஈரத்தில் அது அரைமணி நேரம்கூட நிற்காது. யானை நடமாட்டம் உள்ள ஊர் என்பதால் பொழுது சாய்வதற்குள் கீழே இறங்கிவிடுங்கள்.

இந்தச் சாமிக்கு உகந்தது தேங்காய். மலபார்க் கோயில்களில் நடக்கும் பெரிய வழிபாட்டுக்குப் பந்தீராயிரம், அதாவது பன்னீராயிரம், என்று பெயர். சாமியாடும் கோமரம் உட்கார்ந்தபடியே இரு கையாலும் மாறி மாறி எறிந்து 12,000 தேங்காயையும் ஒரே மூச்சில் உடைப்பார். காய் வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்குங்கள். தண்ணீர் தளும்ப வேண்டும். கண் ஈரமாயிருந்தால் கசிவு கண்டுவிட்டது, உள்ளே அழுகியிருக்கும். தரையில் சாமி உருவத்தைக் களமாக வரைவது ஐந்து பொடியால். வெள்ளைக்கு அரிசிமாவு, மஞ்சளுக்கு மஞ்சள்தூள், கறுப்புக்கு உமிக்கரி, பச்சைக்கு உலர்ந்த இலைப்பொடி. சிவப்புக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு. களத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நந்துணி என்னும் நரம்புக்கருவியை மீட்டிப் பாடுபவர் கல்லாட்டுக் குறுப்பு.

நிலம்பூர் கோவிலகத்துக்கும், அதாவது அங்கிருந்த அரச குடும்பத்துக்கும், வேட்டைக்கொருமகன்தான் குலதெய்வம். கூடலூர்ப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி அந்தக் கோவிலகத்தின் ஜன்ம நிலமாக, அதாவது பரம்பரை உடைமையாக, இருந்தது. 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டம் வந்தது அந்த உடைமையை முடிக்கத்தான். அதனால் நம்பாலக்கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாகும். நாடுகாணி மலைப்பாதையில் இறங்கி நிலம்பூர்ச் சன்னதியையும் கும்பிட வேண்டும். பாட்டு உற்சவம் பெரும்பாலும் ஜனவரியில் வரும்.

அதோடு நிறுத்தாமல் சாலியாற்றையும் பின்தொடருங்கள். நீலகிரியின் இளம்பலேரி மலையில் பிறந்து 169 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேரும் ஆறு இது. சேருமிடம் பேப்பூர், கோழிக்கோட்டுக்குத் தெற்கே உரு எனும் மரக்கப்பல் கட்டும் சின்னஞ்சிறு துறைமுக ஊர். அந்த ஊருக்குப் பிழைப்பு கொடுத்தது நிலம்பூர்த் தேக்கு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதைக் காயவிட்டோ மூங்கிலோடு பிணைத்தோதான் தெப்பமாக விட முடியும், அதுவும் மழைவெள்ளம் ஏறும் மாதங்களில். கப்பலுக்கு இந்த மரம்தான் வேண்டும் என்பதற்குக் காரணம் அதிலுள்ள எண்ணெய். ஓக் மரத்தின் துவர்ப்பு இரும்பு ஆணியை அரித்துவிடும், தேக்கின் எண்ணெயோ ஆணியைத் துருவிலிருந்து காக்கும். வெட்டி வெட்டிக் காடு தீர்ந்துவரவே, மலபார் கலெக்டர் கனோலி 1840-களில் சாத்து மேனனைக் கொண்டு தேக்கு நடவைத்தார். மிச்சமிருக்கும் 2.31 ஹெக்டேரை இன்றும் நிலம்பூரில் பார்க்கலாம். ரயிலும் 1861-லேயே திரூரிலிருந்து இந்த முகத்துவாரத்துக்கு வந்துவிட்டது. நிலையம் மட்டும் எதிர்க்கரையில், சாலியத்தில் இருந்தது.

உருவுக்கு வரைபடம் கிடையாது, கணக்கெல்லாம் மேஸ்திரியின் தலையில். முதலில் ஏராவை (அடிமரத்தை) இருத்துவார்கள், பிறகு பக்கப் பலகைகளைச் சேர்ப்பார்கள், விலா எலும்பு போன்ற வங்குக்கால் அதற்குப் பின்னால்தான். இன்றைய படகுத்துறைகளில் பெரும்பாலும் வங்கு முந்தும், பலகை பிந்தும். வளைவைப் பலகையே தீர்மானிப்பதால் ஒவ்வொரு வங்கையும் அதனதன் இடத்துக்குத் தனியாகச் செதுக்கியாக வேண்டும். பொருத்துகளில் எண்ணெயில் தோய்த்த பஞ்சை உளியால் அடித்துத் திணிப்பது கலப்பற்று. மரம் சரியாகக் காயாமல் இருந்தால் பிறகு சுருங்கிப் பொருத்து வாய்திறக்கும். அப்புறம் எத்தனை பஞ்சு திணித்தாலும் நீர் கசியும்.

ஆசாரிகள் கட்டியதைக் கடலில் இறக்குவது மாப்பிளைக் கலாசிகளின் வேலை. கப்பி, வடம், நின்று சுற்றும் மர உருளை, அடியில் கொழுப்புத் தடவிய கட்டைகள் இவ்வளவுதான் கருவி. நீரேற்றம் உச்சத்தில் இருக்கும் நாளைப் பார்த்துத்தான் இழுப்பார்கள். இழுவைக்கு ஒரு பாட்டு உண்டு, அதன் தாளத்தில்தான் எல்லோரும் ஒரே நொடியில் வலிப்பார்கள். தாளம் தப்பினால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து கட்டை உருண்டு விலகிவிடும். கொட்டகையில் எப்போதும் உரு இருக்கும் என்று சொல்ல முடியாது. வேலை நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். உள்ளே போனால் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.