கற்றல் விளைவை அளப்பது: சுவாச சிகிச்சைப் பட்டப்படிப்பில் ஒரு முழுச் சுற்று

சக்ஷன் (மூச்சுக்குழாயில் சேரும் சளியைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பது) தேர்வில் ஒரு மாணவருக்கு 20க்கு 17 கிடைக்கிறது. கை கழுவினார், கையுறை போட்டார், சரியான கதீட்டரை எடுத்தார், 15 விநாடிக்குள் வெளியே எடுத்தார். ஆனால் நோயாளியை வென்டிலேட்டரோடு இணைக்கும் குழாயான சர்க்யூட்டைத் திரும்ப மாட்டவில்லை. செக்லிஸ்டில் அந்தப் படிக்கு 1 மதிப்பெண்தான். தாளின்படி அவர் சிறந்த மாணவர், ஐ.சி.யூ. படுக்கையில் அவர் விட்டதை வேறொருவர் பார்த்துச் சரிசெய்தாக வேண்டும். கற்றல் விளைவை, அதாவது படித்து முடித்த மாணவரால் எதைச் செய்ய முடிகிறது என்பதை, ஏன் தனியாக அளக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு தாள் போதும். மொத்த மதிப்பெண் சொல்லாததைச் சொல்லத்தான் இந்த வேலை.

குமரி மாவட்டத்தில், ஆண்டுக்கு 25 பேர் சேரும் ஒரு பி.எஸ்சி. சுவாச சிகிச்சைப் படிப்பில் இந்த மதிப்பீட்டை முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை செய்து முடித்ததில் தெரிந்தவற்றை இங்கே தருகிறோம். மூன்று ஆண்டு வகுப்பு, பிறகு ஓராண்டு இன்டர்ன்ஷிப் என்ற அமைப்புள்ள எந்தக் கல்லூரிக்கும் இது பொருந்தும்.

முதல் தடை விளைவுகளை எழுதுவதிலேயே வந்துவிடும். "ஆக்சிஜன் சிகிச்சையைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அதை அளக்க வழியே இல்லை. நாங்கள் மாற்றி எழுதியது இப்படி (எஸ்.பி.ஓ.2 என்பது ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவுச் சதவீதம், ஏ.பி.ஜி. என்பது தமனி ரத்த வாயுப் பரிசோதனை): "நோயாளியின் எஸ்.பி.ஓ.2, மூச்சு எண்ணிக்கை, ஏ.பி.ஜி. ஆகியவற்றைப் பார்த்து ஏற்ற ஆக்சிஜன் கருவியைத் தேர்ந்தெடுப்பார், ஓட்டத்தை அமைப்பார், அரை மணிக்குள் மறுபடி பார்த்து மாற்றம் செய்வார்." இதில் மூன்று வினைகள் இருக்கின்றன. மூன்றையும் கண்ணால் பார்க்க முடியும். கண்ணால் பார்க்க முடியாத வினைச்சொல் உள்ள விளைவுகளை அடித்துவிட்டால் பட்டியல் பாதியாகக் குறையும், அது நல்லதே. ஒரு பாடத்துக்கு ஐந்து விளைவு போதும். பத்து எழுதிவிட்டு எதையும் ஒழுங்காக அளக்காமல் விடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது.

அடுத்து, எந்த விளைவை எந்தத் தேர்வால் அளப்பது என்ற அட்டவணை. 1990இல் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் சொன்ன நான்கு படிகள் இங்கே உதவும்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், வேலையில் செய்கிறார். முதல் இரண்டுக்கு எழுத்துத் தேர்வு. மூன்றாவதற்கு ஆஸ்கி (OSCE), அதாவது ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் செய்து காட்டும் செய்முறைத் தேர்வு. நான்காவதற்கு வார்டிலும் ஐ.சி.யூ.விலும் நேரில் நின்று பார்ப்பது ஒன்றே வழி. அட்டவணையை நிரப்பினால் ஒரு உண்மை உடனே தெரியும்: செய்முறை சார்ந்த விளைவுகள் பலவற்றை எழுத்துத் தேர்வால் மட்டுமே அளந்துகொண்டிருந்திருப்போம்.

எழுத்துத் தேர்வில் கவனிக்க வேண்டியது கேள்வியின் தரம். பி.எச். 7.27, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 68, பைகார்பனேட் 30 என்று கொடுத்து "இது என்ன?" என்று கேட்டால், பகுதி ஈடுசெய்யப்பட்ட சுவாச அமிலத்தன்மை (கார்பன் டை ஆக்சைடு தேங்கி ரத்தம் அமிலமாவது, உடல் அதை ஓரளவே சமன்செய்திருப்பது) என்று பலரும் எழுதிவிடுவார்கள். அதே எண்களைக் கொடுத்து, "இவர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளி, 10 லிட்டர் ஆக்சிஜனில் எஸ்.பி.ஓ.2 99 காட்டுகிறது, இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால்தான், ஆக்சிஜனைக் குறைத்து 88 முதல் 92 வரை நிறுத்த வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது என்பது தெரியும். அமெரிக்காவின் சுவாச சிகிச்சைத் தேர்வு வாரியம் நடத்தும் 160 கேள்வித் தேர்வில், ஒவ்வொரு கேள்வியும் நினைவு, பயன்பாடு, பகுப்பாய்வு என வகை பிரிக்கப்பட்டிருக்கும். அதே மூன்று வகையில் நம் உள்தேர்வுத் தாளைப் பிரித்துப் பாருங்கள். நினைவுக் கேள்விகளே நிறைந்திருப்பது கண்ணுக்குப் படும்.

தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிறு கணக்கு. 25 பேரில் மொத்த மதிப்பெண்ணில் மேல் 7 பேர், கீழ் 7 பேரை எடுங்கள். ஒரு கேள்விக்கு மேலே 6 பேர், கீழே 2 பேர் சரியாக எழுதியிருந்தால் கடினநிலை 14க்கு 8, அதாவது 57 சதவீதம். நன்றாகப் படிப்பவரையும் படிக்காதவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற பிரித்தறியும் அளவு, 6இல் 2 போக 7க்கு 4, அதாவது 0.57. நல்ல கேள்வி. கீழே உள்ளவர்கள் அதிகம் சரியாக எழுதி, மேலே உள்ளவர்கள் தவறியிருந்தால், மாணவர்களைக் குறை சொல்வதற்கு முன் விடைக்குறிப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் பிழை இருக்கும்.

ஆஸ்கிதான் இதில் அதிக உழைப்பு கேட்கும் பகுதி. 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் கொண்டுவந்த முறை இது. மாணவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நகர்வார். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம், ஒரே தாள். 8 ஸ்டேஷன், நடுவில் 1 ஓய்வு ஸ்டேஷன், ஒவ்வொன்றுக்கும் 7 நிமிடம், மாறுவதற்கு 1 நிமிடம். ஒரு சுற்றுக்கு 72 நிமிடம். ஒரு சுற்றில் 9 பேர். 25 பேருக்கு மூன்று சுற்று. மொத்தம் 3 மணி 36 நிமிடம். தேர்வாளர்களுக்குத் தேநீர் இடைவேளையையும் சேர்த்தால் காலை முழுதும் போய்விடும். முடித்தவர்களும் காத்திருப்பவர்களும் சந்திக்காதபடி இரண்டு தனி அறைகள் வேண்டும். தேதி குறிக்கும்போது டிசம்பர் 3, கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா விடுமுறையை மறந்துவிடக் கூடாது. அந்த வாரம் வெளியூர்த் தேர்வாளர்கள் நாகர்கோவிலுக்குள் வந்து சேருவதே பாடு.

ஸ்டேஷன்களில் எங்களுக்கு மிக அதிகம் கற்றுக்கொடுத்தது சிலிண்டர் கணக்கு. குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு நோயாளியை ஆம்புலன்சில் மாற்ற வேண்டும். நேரம் ஒன்றரை மணி என்று வையுங்கள். பி டைப் சிலிண்டர், அழுத்தம் காட்டும் கேஜில் (சதுர செ.மீ.க்கு) 60 கிலோ, ஓட்டம் நிமிடத்துக்கு 10 லிட்டர். போதுமா? பி டைப் சிலிண்டரின் நீர்க்கொள்ளளவு 10 லிட்டர். 10ஐ 60ஆல் பெருக்கினால் 600 லிட்டர், அதாவது 60 நிமிடம். போதாது. இன்னொரு சிலிண்டர் இல்லாமல் கிளம்பக் கூடாது.

இந்தக் கேள்விக்கு இரண்டு வகையான தவறான விடைகள் வரும். அமெரிக்கப் பாடநூலில் ஈ என்ற சிறிய சிலிண்டருக்கு உரிய 0.28 என்ற பெருக்கும் எண்ணை மனப்பாடம் செய்தவர், கிலோவை அமெரிக்க அழுத்த அளவான பி.எஸ்.ஐ.யாக மாற்றிப் பெருக்கி 24 நிமிடம் என்பார். பி டைப் நிறைந்தால் 1500 லிட்டர் என்று மட்டும் நினைவிருப்பவர், கேஜைப் பார்க்காமலே 150 நிமிடம் என்பார். முதலாமவர் தேவையில்லாமல் பயப்படுகிறார். இரண்டாமவர் நடுவழியில் சிலிண்டர் காலியாகும் நிலைமைக்கு நோயாளியைக் கொண்டுபோகிறார். இருவருக்கும் பூஜ்யம்தான் என்றாலும் பாடம் வேறு. அதனால் மதிப்பெண் தாளில் விடையையும் அப்படியே குறித்து வைப்பதை வழக்கமாக்கினோம்.

வென்டிலேட்டர் ஸ்டேஷனிலும் இதே கதை. உயரம் 165 செ.மீ., எடை 85 கிலோ உள்ள ஆண். வென்டிலேட்டர் தரும் மூச்சின் அளவை அமைக்கத் தராசு எடையை அல்ல, கணிப்பு எடையை எடுக்க வேண்டும். கணிப்பு எடை என்பது 50உடன், உயரத்திலிருந்து 152.4ஐக் கழித்து 0.91ஆல் பெருக்கியதைக் கூட்டுவது, 61.5 கிலோ வரும். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 6 மி.லி. என்றால் சுமார் 370 மி.லி. தராசு எடையை வைத்து 510 என்று அமைப்பவர், உண்மையில் கிலோவுக்கு 8.3 மி.லி. கொடுக்கிறார். சூத்திரம் தெரியுமா என்று எழுத்துத் தேர்வில் கேட்டால் அவரும் சரியாக எழுதுவார். ஆகவே ஸ்டேஷனில் எடையை அட்டையில் பெரிதாக எழுதிவைத்து, உயரத்தை அளக்க டேப்பை மட்டும் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். டேப்பை எடுக்கிறாரா என்பதே தேர்வு.

இன்ஹேலர் கற்பிக்கும் ஸ்டேஷனுக்கு, நடிக்கும் நோயாளிக்குச் சரியான வசனம் எழுதித் தருவது அவசியம். ரப்பர் ஷீட் புகைப்போடும் அறையில் வேலை செய்பவர். "எனக்கு புகை வச்சாத்தான் கேக்கும், பம்ப் வேண்டாம்" என்று பிடிவாதம் பிடிப்பார். மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் தரும் நெபுலைசரைத்தான் இங்கே புகை வைப்பது என்கிறார்கள். இளைப்பு என்று ஒருவர் சொல்வதையும், விளவங்கோடு பக்கம் மலையாளம் பேசுபவர் வலிவு என்று சொல்வதையும் மாணவர் ஒன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்ப்ரே வகை என்றால் மெதுவாக ஆழமாக இழுத்து 10 விநாடி அடக்கு. பொடி வகை என்றால் வேகமாக, பலமாக இழு. இரண்டையும் மாற்றிச் சொல்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கடைசியில் நோயாளியையே செய்து காட்டச் சொல்கிறாரா என்பதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள். விட்டுப்போவது அந்தப் படிதான்.

இனி சக்ஷனுக்கு வருவோம். செக்லிஸ்டில் எல்லாப் படிக்கும் ஒரே எடை இருந்ததுதான் முதலில் சொன்ன சிக்கலுக்குக் காரணம். நாங்கள் நான்கு படிகளைத் தவறவே கூடாத படிகள் என்று குறித்தோம்: முன்னதாக 30 முதல் 60 விநாடி 100 சதவீத ஆக்சிஜன், மூச்சுக்குழாயில் போட்டிருக்கும் டியூபின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகாத கதீட்டர், அதாவது 8 மி.மீ. டியூபுக்கு பிரெஞ்ச் 12 (4 மி.மீ.). உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாமை. முடிந்ததும் சர்க்யூட்டை மாட்டி, எஸ்.பி.ஓ.2 பார்த்து, ஆக்சிஜனைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது. இதில் ஒன்று விட்டாலும் மற்ற மதிப்பெண் எவ்வளவானாலும் மறுதேர்வு. இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகும் ஆசை எல்லாத் தேர்வாளருக்கும் வரும். பத்துப் படியை இப்படிக் குறித்தால் யாரும் தேற மாட்டார்கள்; பிறகு தேர்வாளர்களே கண்டும் காணாமல் விட ஆரம்பிப்பார்கள்.

தேர்வாளர்கள் ஒத்துப்போகிறார்களா என்பதையும் அளக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக 25 பேரைப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தேர்ச்சி என்றது 19, இருவரும் தோல்வி என்றது 2, ஒருவர் மட்டும் தோல்வி என்றது ஆளுக்கு 2, ஆக மாறுபட்டது 4. ஒத்துப்போனது 84 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதேச்சையாகவே 73 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா வெறும் 0.40தான். ஒருவராவது தோல்வி என்ற 6 பேரில், இருவரும் ஒத்துப்போனது 2 பேரில்தான். இதற்கு மருந்து எளிது: தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, ஒரு செய்முறையை வீடியோ எடுத்து, எல்லாத் தேர்வாளர்களும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, மாறுபட்ட படிகளை மட்டும் பேசி, செக்லிஸ்டின் வாசகத்தைத் திருத்துவது. "சரியாகச் செய்தார்" என்ற வாசகம் இருக்கும் இடத்தில்தான் சண்டை வரும்.

மாணவர் தாம் செய்தவற்றைக் குறித்துவைக்கும் லாக்புக் பற்றிச் சுருக்கமாக. எண்ணிக்கை திறமை ஆகாது. 30 ஏ.பி.ஜி. என்று எழுதியிருப்பவர், அவற்றில் எத்தனையை வேடிக்கை பார்த்தார் என்று பிரித்திருக்க வேண்டும்: பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது. கையெழுத்து இரண்டு நாளுக்குள் வாங்கினால்தான் செல்லும். போஸ்டிங் (வார்டில் பயிற்சி பெறும் காலம்) முடியும் நாளில் ஒரே பேனாவில் எழுதிய பக்கங்கள் வந்து நிற்பதை அது தடுக்கும். நோயாளியின் பெயர் எழுதக் கூடாது. இங்கே இன்னொன்றும் உண்டு: இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, மழைக்காலத்தில் வார்டில் இருந்த அணிக்கும் கோடையில் இருந்த அணிக்கும் கிடைக்கும் நோயாளிகள் ஒன்றல்ல. அணிகளைச் சுழற்றும் அட்டவணையைச் சரிசெய்யாமல் லாக்புக் எண்ணிக்கையை ஒப்பிடுவது அநியாயம். வார்டில் நேரில் பார்த்து மதிப்பிடுவதற்கு 15 நிமிடம், உடனே அங்கேயே 5 நிமிடம் பேச்சு. ஒரு மாணவருக்கு ஒரு போஸ்டிங்கில் இரண்டு முறையாவது, இரண்டு வெவ்வேறு ஆசிரியர்களால்.

இப்போது அடைவு நிலைக் கணக்கு, அதாவது ஒரு விளைவை வகுப்பு எவ்வளவு எட்டியது என்பது. 60 மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தவர்கள் 70 சதவீதம் இருந்தால் நிலை 3, 60 என்றால் 2, 50 என்றால் 1 என்று துறைக்குள் முடிவு செய்துகொள்ளலாம். வென்டிலேட்டர் விளைவில், எழுத்தில் 25க்கு 19 பேர், 76 சதவீதம், நிலை 3. ஆஸ்கியில் 13 பேர், 52 சதவீதம், நிலை 1. சராசரி எடுத்தால் 2. கோப்பில் "அடையப்பட்டது" என்று போய்விடும். இதைச் செய்யவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. செய்முறை விளைவுக்கு இரண்டில் குறைந்ததே நிலை என்று விதி வைத்தோம். கோப்பு அழகாக இருக்காது. ஆனால் எங்கே ஓட்டை என்று தெரியும்.

25 பேர் கொண்ட வகுப்பில் ஒருவர் என்றால் 4 சதவீதம். ஓர் ஆண்டு எண்ணைப் பார்த்துப் பாடத்திட்டத்தை மாற்றுவது அவசரம். அமெரிக்காவில் சுவாச சிகிச்சைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு மூன்று ஆண்டுச் சராசரியைத்தான் பார்க்கிறது. ஆனால் தவறவே கூடாத படிகளுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க முடியாது; ஒருவர் தவறினாலும் அந்த வாரமே நடவடிக்கை.

படிப்பு முடிந்தவர்களிடமும் அவர்களை வேலைக்கு எடுத்தவர்களிடமும் கேட்கும் கருத்துப் படிவங்கள் துணைக்கு மட்டும். "திருப்தியா?" என்று கேட்காதீர்கள், "முதல் மாதத்தில் எந்த வேலைக்கு யாரையாவது கேட்க வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் உடனே வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புவார்கள்.

கடைசிப் படி, துறைக் கூட்டக் குறிப்பு. எந்த விளைவு, எந்த எண், என்ன காரணம், என்ன மாற்றம், யார் பொறுப்பு, எப்போது மறுபடி அளப்பது என்று ஆறு கட்டங்கள். சிலிண்டர் கணக்குக்கு எங்கள் குறிப்பு இது: 0.28 நீக்கம், கேஜ் படிப்பது முதல் செமஸ்டரிலேயே உண்மையான பி டைப் சிலிண்டரில், அடுத்த ஆஸ்கியில் கேஜ் 60க்குப் பதில் 45, ஓட்டம் 10க்குப் பதில் 6.