கடைசி வாசலின் பொதி முதலில் ஏற வேண்டும்

திருகோணமலையில் பொதி விநியோகக் களஞ்சியம் ஒன்றில் லொறிகளுக்கும் வான்களுக்கும் பொதி ஏற்றுகிறேன். எங்கள் தொழிலில் கை வேகமான ஆளையே கெட்டிக்காரன் என்பார்கள். அந்தப் பாராட்டில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். விடிவதற்குள் லொறிக் கதவைப் பூட்டிவிட்டால் களஞ்சியத்தில் நேரம் மிஞ்சியது போலத் தோன்றும். ஆனால் குச்சவெளியில் ஒரு வீட்டு வாசலில் நின்று சாரதி அந்த வீட்டுப் பொதியைத் தேடி லொறி முழுவதையும் கிளறுகிறார் என்றால், மிஞ்சிய நேரம் முழுவதும் அங்கே வெயிலில் கரைந்துபோகிறது. ஏற்றுபவரின் திறமை கடைசி வாசலில்தான் தெரியவரும்.

வரிசையைத் தீர்மானிப்பதற்கு எங்கள் ஊரின் அமைப்பே பெரிதும் உதவுகிறது. கடல் சூழ்ந்த நகரம் என்பதால் வெளியே செல்லும் பெருவீதிகள் சிலவே. வடக்கே போகும் வண்டிக்கு உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, புல்மோட்டை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கண்டி வீதியில் தம்பலகாமமும் முள்ளிப்பொத்தானையும் கந்தளாயும் உள்ளன. தெற்கே கிண்ணியாவும் மூதூரும் ஒரே வண்டியில் போகின்றன. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அங்கே பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறித்தான் வாகனங்கள் கடக்க வேண்டியிருந்தது. ஆகவே வடக்கு வண்டியில் புல்மோட்டைப் பொதி உள்ளே முதலில் ஏறவேண்டும், உப்புவெளிப் பொதி கதவோரத்தில் கடைசியாக நிற்கவேண்டும் என்பது வெளிப்படை. எனினும் வெயில் ஏறுவதற்குள் புல்மோட்டை வரை ஓடிவிட்டுத் திரும்பும் வழியில் கொடுத்துக்கொண்டு வரவே சில சாரதிகள் விரும்புவார்கள். அன்று வரிசை முழுவதும் தலைகீழாகும். "அண்ணன், போகும்போது கொடுக்கிறீங்களா, திரும்பும்போதா?" என்று முதற்பெட்டியைத் தூக்குவதற்கு முன்பே கேட்டுவிட்டால், இரண்டாம் முறை ஏற்றும் வேலை இல்லை.

பொதிகளைப் பிரிக்கும்போது நேரத்தை விழுங்குவது முகவரிதான். கொழும்பிலிருந்து வரும் பொதிகளில் ஊர்ப்பெயர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பலவிதமான எழுத்துக்கூட்டல்களில் இருக்கும். வீட்டிலக்கம் பெரும்பாலும் இராது. இங்கே கட்டை (மைல்கல்) கணக்கில் இடம் சொல்வது வழக்கமாதலால், நிலாவெளி வீதியா கண்டி வீதியா என்று குறிக்காமல் கட்டை இலக்கத்தை மட்டும் எழுதிய பொதி வடக்கு வண்டிக்குரியதா மேற்கு வண்டிக்குரியதா என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தகையவற்றை ஊகித்து ஏற்றுவதைவிட ஒரு மூலையில் ஒதுக்கி, விடிந்ததும் பெறுநரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதே நல்லது. ஐயமற்ற பொதிகளில் ஊரின் முதலெழுத்தைத் தடித்த மாக்கரால் எழுதி, அந்த எழுத்து கதவை நோக்கி இருக்குமாறு அடுக்குவேன். இரண்டு வினாடி வேலை. சாரதி ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் பார்க்க வேண்டியிராது.

அடுக்குவதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியின் தாங்கும் வலிமையில் பெரும்பங்கு அதன் நான்கு மூலைகளில் இருக்கிறது. செங்கல் சுவர்போல ஒன்றுவிட்டு ஒன்று மாற்றி அடுக்கினால் மேற்பெட்டியின் மூலை கீழ்ப்பெட்டியின் நடுப்பகுதியில் அமர்ந்து அதை அமுக்கிவிடும்; மூலைக்கு நேரே மூலை வைத்து அடுக்கினால் கூடிய பாரம் தாங்கும். ஆனால் அப்படி அடுக்கிய தூண் வளைவுகளில் சாயக்கூடும் என்பதால், கீழ் வரிசைகளை நேராக வைத்து, மேல் வரிசையை மட்டும் மாற்றி வைத்துப் பிணைக்கிறேன். மாரி காலத்தில் ஈரம் பட்ட அட்டை பாதி வலிமையும் இல்லாதது என்று கருதி மேலேயே வைக்க வேண்டும். கிண்ணக் குறி உடையக்கூடியதையும், குடைக் குறி நனையக்கூடாததையும், மேல்நோக்கிய இரட்டை அம்பு நிமிர்த்தி வைக்க வேண்டியதையும் குறிக்கும். இவற்றைப் படிக்க எந்த மொழியும் தேவையில்லை என்றாலும், கவிழ்ந்து கிடக்கும் அம்புகளை நான் தினமும் காண்கிறேன்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கின்படி, எல்லா நிலைமைகளும் சாதகமாக இருக்கும்போதே ஒருவர் தூக்கத் தகுந்த எடை 23 கிலோகிராம். அப்போது கைகள் கணுக்காலிலிருந்து 25 சென்டிமீற்றர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அது 50 சென்டிமீற்றராக நீண்டால் வரம்பு பாதியாக, அதாவது 11.5 கிலோவாகக் குறைகிறது. பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் 90 பாகை திருப்பித் தூக்கினால் வரம்பில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விடுகிறது. பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கால்களைத் திருப்பி நடப்பது மெதுவான வேலையாகத் தோன்றலாம். நான்கு மணிநேரம் கழித்து யார் இன்னும் அதே வேகத்தில் இருக்கிறார் என்று பார்த்தால் விடயம் விளங்கும். கட்டணம் கிலோக் கணக்கில் அறவிடப்படுவதால் எடை பில்லிலேயே இருக்கும். தூக்கிப் பார்த்து அறிவதைவிடப் படித்து அறிவது முதுகுக்கு நல்லது. பாரமானவற்றுக்கு இன்னோர் ஆளைக் கூப்பிட வெட்கப்படத் தேவையில்லை.

கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் மூடிய லொறிக்குள் நிற்பவருக்குத் தாகம் தெரிவதற்கு முன்பே தண்ணீர் தேவை. இருபது நிமிடத்துக்கு ஒரு குவளை என்ற அளவில் குடிப்பது போதுமானது. ஒரேயடியாக ஒரு போத்தலைக் குடித்துவிட்டுக் குனிவது நல்லதல்ல.

இறுதியாக, கதவோரத்தில் இடது பக்கம் ஒரு சிறிய இடத்தை வெறுமையாக விடுங்கள். வாசலில் காசு கொடுத்து எடுக்கும் பொதிகளில் சில மறுக்கப்பட்டுத் திரும்பி வரும். அவற்றுக்கென்று இடமில்லாவிட்டால் சாரதி அவற்றை இன்னும் கொடுக்கப்படாத பொதிகளின் மேலேயே எறிந்துவிடுவார். மாலையில் எவை கொழும்புக்குத் திரும்ப வேண்டியவை, எவை மறுநாள் மீண்டும் போக வேண்டியவை என்று பிரிக்கும் வேலை எங்கள் தலையில்தான் விழும்.