கீழவளவு மலையில் உளித்தடம் எது, பாறை வரி எது?

மதுரை மாவட்டத்தில் மேலூர்–திருப்பத்தூர் சாலையில் உள்ள கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக் குகைத்தளம் யாரும் குடைந்ததல்ல. மணற்கல்லாக இருந்தால் உளியாலேயே உள்ளே போய்விடலாம். இது நைஸ் பாறை, அதாவது கருப்பும் வெளுப்புமாக வரி ஓடும் கடினக் கல். மேலே அழுத்திக் கிடந்த சுமை அரித்துப்போனதும் பாறை விரிந்து, வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. அந்த ஏடுகளுக்கு அடியில் விழுந்த இடைவெளியைத்தான் சமணத் துறவிகள் உறைவிடமாக்கிக்கொண்டார்கள். கைவேலை என்றால் கற்படுக்கை, தலைமாட்டு மேடு, மழைத்தண்ணீர் உள்ளே வழியாமலிருக்க குகை நெற்றியில் வெட்டிய காடி (நீளப் பள்ளம்), தமிழி என்ற பழைய தமிழ் பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டு போன்றவைதான். எழுத்து தலைகீழாக இருப்பதால் படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

படுக்கையில் உளித்தடத்தைப் படமெடுக்க ஃபிளாஷ் உதவாது. நேர் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். கேமராவை ட்ரைபாடில் பரப்புக்கு நேராக நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, இரண்டு விநாடி டைமர் வைத்து, டார்ச்சை ஒரு மீட்டர் தள்ளி 10–15 டிகிரி சாய்வில் பிடித்தால் பள்ளங்கள் எழுந்து நிற்கும். 10 செ.மீ. அளவுகோல் ஓரத்தில் இருக்கட்டும். ஒரே திசை வெளிச்சம் போதாது: ஒளி போகும் வாக்கில் ஓடும் கோடுகள் மறைந்துவிடும். நான்கு பக்கமிருந்தும் எடுங்கள்.

பலரும் ஏமாறுவது பாறையின் வரியில்தான். கருப்பு மைக்கா அடுக்கு சீக்கிரம் அரிபடும், குவார்ட்ஸ் நிற்கும். உளி இழுத்த மாதிரியே பள்ளம் உண்டாகிவிடும். படுக்கையின் விளிம்பைப் பாருங்கள். வரி விளிம்பைத் தாண்டிப் பக்கச் சுவரிலும் அதே போக்கில் தொடரும். உளித்தடம் விளிம்போடு நின்றுவிடும்.

இந்த வட்டாரத்தில் பிற்காலத்தில் கல்லுடைத்த தடங்களைப் பிரிப்பது சுலபம். வரிசையாகச் சதுரக் குழிகள் இருந்தால் உளியால் கொத்தி ஆப்பு அடித்தது. நீளமான அரைவட்டப் பள்ளம் தெரிந்தால் கம்பிரசர் துளைப்பான் போட்ட ஓட்டையின் பாதி. தட்டையாக அறுத்த பரப்பு வயர் சா (கல் அறுக்கும் கம்பி ரம்பம்) வேலை. தீ மூட்டிப் பெயர்த்த ஏட்டில் குழியே இருக்காது, ஓரம் மெலிந்து வளைந்திருக்கும். சூடு மிஞ்சி 573 டிகிரி செல்சியஸைத் தொட்டால் குவார்ட்ஸ் சட்டென்று உப்பும். ஏடாகப் பெயராமல் கல் பொடிப்பொடியாக உதிரும்.

எழுத்தில் சாக்பீஸ் தேய்க்கவே கூடாது. மைப்படி (காகிதம் ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல்) எடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும். பழைய குவாரிக் குழிகளில் கரை செங்குத்து, தண்ணீரின் ஆழம் தெரியாது. ஓரத்தில் நின்று படமெடுக்காதீர்கள்.